ஏழாம் நம்பர் சட்டம்

தேவர்குளத்துல எறங்கணும் அண்ணாச்சி. அக்கா வீடு. மாமியார் வீடும் அதுதான். ரெண்டும் ஒரே வீடு, ஒரே வாசல். அக்கா மகளைத்தான் கட்டியிருக்கேன். முழிக்காதீங்க, எங்க பக்கம் அதெல்லாம் சகஜம். பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போனா மத்தவன் மாமியார் முகத்துல முழிக்கணும். எனக்கு அந்தத் தொந்தரவு இல்ல. நான் கூடப் பிறந்த அக்கா முகத்துல முழிக்கணும். அது அதைவிட மோசம்.

எம் பொண்டாட்டி ஆவுடை போயி நாப்பது நாளாச்சு. எதுக்குப் போனான்னு கேளுங்க. கேக்க மாட்டியளா? சரி, நானே சொல்லுதேன். அரசாங்கத்தால போனா. சிரிக்காதீங்க. குடிச்சிட்டு அடிச்சிருப்பான்னு நினைக்கிய, எனக்குத் தெரியும். சங்கரன்கோவில் ஆவுடையம்மன் சத்தியமா ஒரு பொட்டு தொடுறதில்ல. அரசாங்கம் நாய்க்கு ஒரு சட்டம் எழுதுச்சு, எம் பொண்டாட்டி வீட்டை விட்டுப் போயிட்டா. இவ்வளவுதான் விஷயம். ஆனா இவ்வளவுல சொன்னா உங்களுக்குப் புரியாது.

எம் பேரு வெயிலுமுத்து. சங்கரன்கோவில்ல எறங்கி வெள்ளை நாய் வெயிலுமுத்து வீடு எதுன்னு கேட்டா பச்சைப்பிள்ளை கூட கையைக் காட்டும். பத்தொன்பது உருப்படி நிக்கி வீட்டுல. எல்லாம் ராஜபாளையம் சாதி. சுத்த வெள்ளை, மூக்கு மட்டும் ரோஸ். எங்க தாத்தா ஒரு ஜோடி கொண்டாந்தாரு. அன்னையிலேருந்து இன்னைவரைக்கும் வெளி ரத்தம் ஒரு சொட்டு உள்ள விட்டதில்ல. அண்ணன், தங்கச்சி, அப்பன், மக, எல்லாம் உள்ளுக்குள்ளேயேதான். நாலு தலைமுறைக்கு எது யாருக்குப் பிறந்ததுன்னு நான் கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன்.

அதுக்கு ஒரு குணம் உண்டு. கூப்பிட்டா திரும்பாது. தொண்டை கிழியக் கத்துங்க, திரும்பாது. பின்னால லாரி வந்து ஆரன் அடிச்சாலும் நடுரோட்டுல அது பாட்டுக்கு நிக்கும். வெளியூர்க்காரன் பாத்துட்டு செவிடுன்னு சொல்லிட்டுப் போவான். கூறு கெட்டவன். அது கௌரவம் அண்ணாச்சி! ராஜ ரத்தம். நீங்க கலெக்டரைப் பாத்து ‘ஏய், இங்க வா’ன்னு கூப்பிட்டா திரும்புவாரா? அதே மாதிரிதான். என்ன, கலெக்டர் மேல லாரி ஏறாது. எங்களுக்கு வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு அடிபட்டுரும்.

போன சித்திரையில தபால்ல ஒரு கத்தை காயிதம் வந்துச்சு. நாய் வளக்குறவங்க, நாய்ப் பண்ணை வச்சிருக்கவங்க எல்லாருக்கும் புதுச் சட்டம் வரப்போகுது, இது வரைவு, ஆட்சேபணை இருந்தா சொல்லுங்கன்னு. வரைவுன்னா இன்னும் வேகல, அடுப்புல இருக்குன்னு அர்த்தம். எனக்குக் கிட்டப்பார்வை சரியில்ல. ஆவுடை கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்தா. ‘ஏட்டி, இதை வாசி’ன்னு கொடுத்தேன். அதுதான் அண்ணாச்சி நான் செஞ்ச முதல் தப்பு. கண்ணாடி போட்டு நானே எழுத்துக் கூட்டி வாசிச்சிருக்கணும்.

முதல் நம்பரு, லைசென்சு எடுக்கணும். எடுப்போம். ரெண்டாம் நம்பரு, ஒவ்வொரு நாய்க்கும் ஆறடிக்கு நாலடி எடம், வெளிச்சம், காத்தாடி. எனக்கே எங்க வீட்டுல ஆறடிக்கு நாலடி கிடையாது, காத்தாடிக்குக் கீழ படுக்குறது திவான். திவான்னா நாயி. மூணாம் நம்பரு, பொட்டை நாய்க்கு முழு வளர்ச்சி வராம இணை சேர்க்கக் கூடாதாம். நாலாம் நம்பரு, ஒரு ஈத்துக்கும் அடுத்த ஈத்துக்கும் நடுவுல ஒரு வருஷம் ஓய்வு கொடுக்கணுமாம். அஞ்சாம் நம்பரு, குட்டி போட்ட நாய்க்குச் சத்துள்ள ஆகாரம் கொடுத்து, தனி எடம் ஒதுக்கி, யாரும் தொந்தரவு பண்ணாம பாத்துக்கணுமாம். ஆறு, காது கேக்குதான்னு டாக்டர் பாத்துச் சீட்டு தரணும். நான் ஒவ்வொண்ணுக்கும் சிரிக்கேன். ஆவுடை சிரிக்கல. அஞ்சாம் நம்பரை ரெண்டு தடவை வாசிச்சா. ‘காது கேக்குதுட்டி, மேல போ’ன்னேன்.

ஏழாம் நம்பருக்கு வந்தா. நெருங்கின ரத்தத்துல இணை சேர்க்கக் கூடாது. அண்ணன் தங்கச்சி கூடாது, அப்பன் மக கூடாது, மாமன் மருமக கூடாது. சேர்த்தா குட்டிக்குக் காது போகும், இருதயக் கோளாறு வரும், லைசென்சு ரத்து. நாய்க்கு மாமன்னு எழுதியிருக்கான் அண்ணாச்சி! நாய்க்கு ஏது மாமன்? தட்டு தூக்கிக்கிட்டு சீர் கொண்டு வருமா? நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். சிரிச்சு முடிச்சிட்டுப் பாத்தா அவ காயிதத்தை மடியில வச்சிக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டு இருக்கா. எட்டாம் நம்பரை அவ வாசிக்கவே இல்ல. அதுல என்ன இருந்துச்சுன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

ஏன் பாத்தான்னு சொல்லணும்னா அனுசுயா கதையைச் சொல்லணும். எம் மக. ஒத்தை மக. இருபத்திரண்டு வயசு. திருநெல்வேலியில ஒரு லேப்புல ரத்தம் எடுக்குற வேலை பாக்கா. அவளை மகேந்திரனுக்குக் கொடுக்குறதுன்னு நான் அவ பிறந்தப்பவே முடிவு பண்ணியாச்சு. மகேந்திரன் யாருன்னு கேட்டா ஆவுடைக்குத் தம்பி. அப்ப எனக்கு மச்சினன். அதே சமயம் எனக்கு அக்கா மகன். அனுசுக்குத் தாய்மாமன், அத்தை மகனும் அவன்தான். ரெண்டு பக்கத்துலயும் முறை வருது பாருங்க, இப்படி அமையுமா? வாழப் போற வீடு கூட அவ பழகின வீடுதான். நான் என் அக்காவுக்குத் தம்பி, மருமகன், அதோட சம்பந்தியும் ஆயிருவேன்.

மகேந்திரன்தான் கொஞ்சம் முரண்டு பிடிச்சான். ‘மாமா, நான் அவளுக்கு மூக்குச் சிந்தி விட்டவன். டவுசர் மாட்டி ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போனவன். என்னைப் போயி’ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டான். வெக்கம். ஆம்பளைப் பிள்ளைக்கு அவ்வளவு வெக்கம் இருக்குறது நல்லதுதான். அனுசு என்கிட்ட நேராச் சொன்னா, ‘அப்பா, நான் தினம் நாப்பது பேரு ரத்தத்தைப் பாக்கேன், எனக்குத் தெரியும், வேண்டாம்’னு. அவளுக்கும் வெக்கம்தான். படிச்ச பிள்ளைங்க வெக்கத்தை அப்படித்தான் சொல்லுதுக.

ஆவுடை அதுவரைக்கும் வாயைத் திறந்ததில்ல. அன்னைக்குத்தான் திறந்தா. ‘மாமா, நாய்க்கே ஆகாதுன்னு அரசாங்கம் எழுதியிருக்கு. இந்த ஏழாம் நம்பரு சட்டமாச்சுன்னா எம் பிள்ளையை எந் தம்பிக்குன்னு நீங்க பேசக் கூடாது. ஆகலைன்னா நீங்க பத்திரிகை அடிங்க, நான் மஞ்சள் தடவித் தாரேன். திவான் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க’ன்னா. நான் யோசிச்சேன். எங்க தெரு வாறுகால் சாக்கடைக்கு மூடி போட அரசாங்கத்துக்குப் பதினோரு வருஷம் ஆச்சு. இது எங்க சட்டமாகப் போகுது? அடிச்சேன் சத்தியம். திவான் தூங்கிக்கிட்டு இருந்துச்சு. கௌரவமா இருந்துச்சு.

அப்புறம்தான் பயம் வந்துச்சு. சும்மா இருந்தா ஒருவேளை சட்டமாயிட்டா? எங்களுக்கு ஒரு சங்கம் உண்டு, வெள்ளை நாய் வளர்ப்போர் நலச் சங்கம். பதினாலு பேரு. சேர்மக்கனி செயலாளர், நான் தலைவர். மத்தவங்களுக்கு ரெண்டாம் நம்பர் காத்தாடிதான் கவலை. எனக்கு ஏழாம் நம்பரு. மகளுக்குக் கல்யாணம் நடக்கணும்னா நாய்ச் சட்டம் தோக்கணும், இப்படி ஒரு நெலமை ஊர்ல வேற எந்தத் தகப்பனுக்காவது வந்திருக்கா சொல்லுங்க.

மனு எழுதினோம். கீழ பாதிக்கப்பட்டோர் கையெழுத்துன்னு எடம் விட்டிருந்துச்சு. சேர்மக்கனி கேட்டான், ‘தலைவரே, பாதிக்கப்படுறது நாமளா, நாயா?’ன்னு. நியாயமான கேள்விதானே. அதனால பத்தொன்பது நாய்க்கும் முன்னங்கால்ல மை தடவி கைநாட்டு வாங்கினோம். பட்டத்தரசி மட்டும் மையை நக்கிருச்சு, மூணு நாளைக்கு நாக்கு ஊதாக் கலர்ல கிடந்துச்சு. மனுவை வாங்கின கிளார்க்கு ரொம்ப நேரம் பாத்துட்டு, ‘இதுக்கெல்லாம் சாட்சிக் கையெழுத்து வேணுமே’ன்னாரு. போட்டுக் கொடுத்தேன். எங்க வீட்டுல யாரு கைநாட்டு எதுன்னு எனக்குத் தெரியாதா?

கருத்துக் கேக்குற கூட்டம் திருநெல்வேலியில வச்சாங்க. வேற எடம் கிடைக்கலைன்னு ஒரு கல்யாண மண்டபத்துல. அங்கதான் எல்லாம் நாசமாப் போச்சு.

மண்டபம்னு சொன்னதும் சங்கத்துப் பொம்பளைங்க எல்லாரும் பட்டுச்சேலை கட்டிட்டாங்க. நாங்க பதினாலு குடும்பம், ஆளுக்கு ரெண்டு நாய். காலையில அங்க ஒரு கல்யாணம் முடிஞ்சிருக்கு. வாசல்ல வாழைமரம் அப்படியே நிக்கி. வரவேற்புல நின்ன அம்மா, பாவம், வீட்டுக்குப் போகாம இன்னும் நின்னுக்கிட்டு இருந்தாங்க. பட்டுச்சேலையைப் பாத்ததும் லேட்டா வந்த சொந்தம்னு நினைச்சிட்டாங்க போல. சந்தனம் கொடுத்து, பன்னீர் தெளிச்சு, கையில அட்சதையும் கொடுத்து உள்ள விட்டாங்க. நாய்க்கும் பன்னீர். எல்லாரும் அட்சதையைக் கையில பொத்திக்கிட்டு நாய்ச் சட்டம் பேச உக்காந்திருக்கோம். எங்க போடுறதுன்னு யாருக்கும் தெரியல.

மேடையில மூணு ஆபீசருங்க, ஒரு டாக்டரம்மா. சின்ன வயசுதான், ஆனா பேச்சு கறார். ஆறாம் நம்பரை எடுத்துக்கிட்டு, ‘இந்த இனத்துல காது பிரச்சினை அதிகமா இருக்கு, ஒரு நாயைக் கொண்டாங்க பாப்போம்’னாங்க. நான் திவானையும் பட்டத்தரசியையும் மேடைக்குக் கூட்டிட்டுப் போனேன். திவான் பின்னால நின்னு கையைத் தட்டினாங்க. அது வாழைமரத்தைப் பாத்துக்கிட்டு இருக்கு. சமையக்கட்டுலேருந்து தாம்பாளம் எடுத்தாரச் சொல்லி டமார்னு கீழ போட்டாங்க. ஆபீசர் ஒருத்தரு சேரோட துள்ளினாரு. திவான் கொட்டாவி விட்டுச்சு. ‘கௌரவம் டாக்டரம்மா’ன்னேன்.

அந்த அம்மா விடலையே. காலைக் கல்யாணத்து மேளக்காரங்க சாப்பிட்டுட்டு ஓரமா வெத்தலை போட்டுக்கிட்டு இருந்தாங்க. தவில்காரரைக் கூப்பிட்டு, ‘இந்த நாய்க்குப் பின்னால நின்னு எவ்வளவு சத்தமா முடியுமோ அவ்வளவு சத்தமா அடிங்க’ன்னாங்க. மனுசன் முப்பது வருஷமா மேடையில நின்னு சத்தமா அடிக்கச் சொன்னா ஒண்ணுதானே அடிப்பாரு? கெட்டிமேளம் போட்டுட்டாரு. அது கேட்டதும் நாதஸ்வரக்காரரு வாயில கிடந்த வெத்தலையைத் துப்பிட்டு ஊத ஆரம்பிச்சிட்டாரு.

சொல்லணுமா? கெட்டிமேளம் கேட்டா நம்ம சனத்துக்குக் கை சும்மா இருக்குமா? மண்டபம் முழுக்க எந்திரிச்சு அட்சதையைப் போட்டுட்டாங்க அண்ணாச்சி! திவான் தலையிலயும் பட்டத்தரசி தலையிலயும் மாரி மாதிரி கொட்டுது. சேர்மக்கனி பொண்டாட்டி குலவை போட்டா. ஆபீசர் ஒருத்தர் கூட ரெண்டு கையையும் தூக்கி ஆசீர்வாதம் பண்ணிட்டாரு, அப்புறம் சட்டுன்னு எறக்கிக்கிட்டாரு. மேளம் நின்னுச்சு. திவான் அப்பவும் திரும்பல. டாக்டரம்மா தலையில விழுந்த அரிசியைத் தட்டிட்டு, ‘இந்த ரெண்டு நாயும் என்ன உறவு?’ன்னு கேட்டாங்க. சேர்மக்கனி நெஞ்சை நிமித்திக்கிட்டு, ‘கூடப் பிறந்தது மேடம்! ஒரே ஈத்து!’ன்னான். மடப்பய.

ஆவுடை பொம்பளைங்க வரிசையில உக்காந்து சிரிச்சா. முந்தானையை வாயில வச்சிக்கிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சா. பக்கத்துல அனுசுவும். ஆவுடை அப்படிச் சிரிச்சு நான் பாத்து எத்தனையோ வருஷமாச்சு. ஒரு நிமிஷம் எனக்கும் சந்தோசமாத்தான் இருந்துச்சு. அதோட எறங்கி வந்திருக்கணும். வந்தேனா? மைக்கைப் பிடிச்சேன்.

‘டாக்டரம்மா, ஏழாம் நம்பருக்கு நானே சாட்சி. இந்தா நிக்கேன் பாருங்க. அக்கா மகளைக் கட்டி இருபத்தேழு வருஷம். என்ன கொறை எனக்கு? காது கேக்கலையா? வாலு வளைஞ்சிருக்கா?’ன்னேன். கைதட்டு! விசில்! அந்த அம்மா கைதட்டு அடங்குறவரைக்கும் பொறுத்திருந்துட்டு, ‘உங்க நாய் ஒரு ஈத்துக்கு எத்தனை குட்டி போடும்?’ன்னு கேட்டாங்க. எட்டுன்னேன். ‘எத்தனை நிக்கும்?’ அஞ்சு நிக்கும். ‘மிச்சம்?’ன்னாங்க. ‘அது கழிவு மேடம். எங்க தொழில்ல கழிவுன்னு சொல்லுவோம். ரெண்டு மூணு பால் குடிக்கிறப்பவே நெஞ்சு அடிச்சுப் போயிரும். அதை நாங்க ஒரு பேச்சா எடுக்குறதில்ல’ன்னேன்.

அப்பதான் ஆவுடை எந்திரிச்சா. சத்தமாக் கூடச் சொல்லல. ‘மாமா, அப்ப மூத்தவன்?’ன்னா.

அது வேற விஷயம். நான் மைக்குலயே சொல்லிட்டேன், ‘அது வேற விஷயம்’னு. மண்டபம் முழுக்க ஸ்பீக்கர் கட்டியிருக்காங்க, சமையக்கட்டு வரைக்கும், கைகழுவுற எடம் வரைக்கும். எல்லா எடத்துலயும் அது வேற விஷயம், அது வேற விஷயம்னு கேட்டுச்சு. அவ அனுசு கையைப் பிடிச்சிக்கிட்டு வெளிய நடந்தா. நான் மேடையை விட்டு எறங்கி வாசல் வரைக்கும் ஓடினேன். திரும்பி நின்னு ஒண்ணுதான் சொன்னா. ‘சட்டம் வந்ததும் சொல்லி விடுங்க மாமா. வாரேன்.’ அப்படியே தேவர்குளம் பஸ் ஏறிட்டா. பட்டுச்சேலையோட.

நாப்பது நாள் அண்ணாச்சி. சமையல் கூட ஒரு மாதிரி சமாளிச்சிட்டேன். நாய்தான் பெரும்பாடு. ஒண்ணும் சொன்ன பேச்சு கேக்கல. சாப்பிட வான்னா வராது, கூண்டுக்குப் போன்னா போகாது. ஆவுடை இருக்கப்ப பத்தொன்பதும் வரிசையா வரும், வரிசையாப் போகும். ஒருநாள் பக்கத்து வீட்டு அம்மா மதிலுக்கு மேல எட்டிப் பாத்து, ‘என்னத்துக்கு அண்ணே இப்படிக் கத்துதிய? மதினி கையில சைகை காட்டுவாங்க, அது வரும். உள்ளங்கையை விரிச்சா சோறு, விரலை மடக்குனா கூண்டு. உங்களுக்குத் தெரியாதா?’ன்னா. இருபத்தேழு வருஷமா அவ எங்கூட ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு நாய்ங்ககூட கைப்பாஷை பேசியிருக்கா. நான் உள்ளங்கையை விரிச்சேன். பத்தொன்பதும் வந்துச்சு. கௌரவத்தைக் கெடுத்து வச்சிட்டாளேன்னு எனக்கு ஒரே ஆத்திரம். அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு எறங்கல.

அக்காவுக்குப் போன் போட்டேன். உங்க மகளை அனுப்புங்கன்னு நான் மாமியார்கிட்டக் கேக்கணுமா, எம் பொண்டாட்டியை அனுப்புன்னு அக்காகிட்டக் கேக்கணுமான்னு தெரியாம முழிச்சேன். அக்காதான் பேசுனா. ‘ஏலே வெயிலு, மூத்தவன் போனப்ப எந் தம்பிக்குத் துக்கம் கேக்க வரணுமா, எம் மகளுக்குத் துக்கம் கேக்க வரணுமான்னு தெரியாம வாசல்ல நின்னவ நான். மறுபடியும் என்னை அங்க நிறுத்திராதலே’ன்னா. போனை வச்சிட்டா.

அது வேற விஷயம்னு அவகிட்டயும் சொல்ல வாயெடுத்தேன்.

மூத்தவன் ஒன்பது மாசம் இருந்தான் அண்ணாச்சி. சங்கரநாராயணன்னு பேரு வச்சோம். பால் குடிச்சா மூச்சு வாங்கும். உதடு நீலமாப் போயிரும். பாளையங்கோட்டையில ஒரு பெரிய டாக்டர் பாத்துட்டு, சொந்தத்துல கட்டினீங்களான்னு கேட்டாரு. ஆமா, ஏன், உமக்கென்னன்னு கேட்டுட்டு பிள்ளையைத் தூக்கிட்டு வந்துட்டேன். எனக்கு அவ்வளவு கோவம். ஆவுடைக்கு அப்ப இருபது வயசு. அவ ஒண்ணும் கேக்கல. அன்னைக்கும் கேக்கல, அப்புறமும் கேக்கல. இருபத்தாறு வருஷம் கழிச்சு, நாய்க் காயிதம் வந்த பொறவுதான் கேட்டா. அதையும் மைக்கு வச்ச எடத்துல கேட்டா.

சரி, இதைக் கேளுங்க, இதுதான் முக்கியம். நேத்து காலையில சேர்மக்கனி போன் பண்ணுதான். அழுதுக்கிட்டே பண்ணுதான். ‘தலைவரே, செயிச்சிட்டோம்! வரைவை மொத்தமா வாபஸ் வாங்கிட்டான்! ஒண்ணுலேருந்து இருபத்தி மூணு வரைக்கும் எதுவும் கிடையாது!’ எங்கெங்கயோ நாய் வளக்குறவங்க எல்லாம் ஆட்சேபணை எழுதியிருக்காங்க, நாங்க மட்டும் இல்ல. ஆனா எங்க ஊர்ல எங்களாலதான்னு பேச்சு. சங்கத்துக்காரங்க வீட்டு வாசல்ல பட்டாசு போட்டாங்க. எனக்கு மாலை. திவானுக்கு மாலை. பட்டாசுச் சத்தத்துக்கு ஊர்நாய் அம்புட்டும் தலைதெறிக்க ஓடுது, எங்க பத்தொன்பதும் அசையாம நிக்கி. ‘பாத்தீங்களா தலைவரே கௌரவத்தை’ன்னு சேர்மக்கனி சொல்லுதான். எனக்கு அவனை ஓங்கி ஒரு அறை விடணும் போல இருந்துச்சு.

ஏன்னா நான் செயிச்சிட்டேன் அண்ணாச்சி. சத்தியப்படி இனி நான் பத்திரிகை அடிக்கலாம். ஆவுடை மஞ்சள் தடவித் தருவா. சொன்ன சொல் மாறமாட்டா, எங்க அக்கா வளப்பு. அனுசு தலையைக் குனிஞ்சிக்கிட்டு உக்காருவா, அந்த மகேந்திரன் பய தான் மூக்குச் சிந்தி விட்ட பிள்ளைக்குத் தாலி கட்டுவான். அப்புறம் ஒரு பிள்ளை பிறக்கும். நான் அதோட உதட்டையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும். நேத்து முழுக்க எனக்கு அதேதான் கண்ணுக்குள்ள நிக்கி. பயமா இருக்கு அண்ணாச்சி. தோத்திருந்தா இந்நேரம் அவ வீட்டுல இருந்திருப்பா.

நீங்க கேப்பீங்க, அப்ப நேரா போயி, ‘ஆவுடை, நான் சொன்னது தப்பு, கல்யாணம் வேண்டாம், வா’ன்னு சொல்ல வேண்டியதுதானேன்னு. லேசாச் சொல்லிட்டீங்க! நான் சங்கத் தலைவன். பத்தொன்பது கைநாட்டு வாங்கி, மைக்குல பேசி, மாலை போட்டு வந்திருக்கேன். இருபத்தேழு வருஷத்துல அவகிட்ட நான் தப்புன்னு ஒரு வார்த்தை சொன்னதில்ல. அந்த வார்த்தை எங்க பரம்பரையில கிடையாது. வாயில வராது. வேணும்னா இப்ப சொல்லிப் பாக்கேன், பாருங்க. நான்… நான் சொன்னது… பாத்தீங்களா? வரல.

அதனால ஒண்ணு யோசிச்சு வச்சிருக்கேன். மத்ததெல்லாம் வாபஸ், ஏழாம் நம்பர் மட்டும் சட்டமாயிட்டுன்னு சொல்லிரப் போறேன். அரசாங்கம் பிடிவாதமா இருந்துட்டான், நான் எவ்வளவோ போராடிப் பாத்தேன், சட்டம்னு வந்துட்டா நான் என்ன செய்ய, கட்டுப்பட்டுத்தானே ஆகணும்னு சொல்லுவேன். பழி அரசாங்கத்து மேல போயிரும். அனுசு தப்பிச்சிருவா. அவ வீட்டுக்கு வந்துருவா.

ஒரே ஒரு சிக்கல். நான் சொன்னா அவ நம்பமாட்டா. என் முகத்தைப் பாத்ததுமே கண்டுபிடிச்சிருவா. வேற யாராவது சொல்லணும். பாத்தா நாலு எழுத்து படிச்ச ஆளாத் தெரியணும், சட்டையை இன் பண்ணியிருக்கணும், பையில பேனா இருக்கணும். சங்கரன்கோவில்ல பஸ் ஏறினதும் ஒவ்வொரு சீட்டாப் பாத்துக்கிட்டே வந்தேன் அண்ணாச்சி. பின்னால அத்தனை சீட்டு காலியாக் கிடக்க உங்க பக்கத்துல வந்து ஏன் உக்காந்தேன்னு நினைக்கிய?

அரை மணி நேரம் போதும். ஆபீசுலேருந்து வந்திருக்கேம்மா, ஏழாம் நம்பர் சட்டமாயிட்டும்மா, இந்த ரெண்டு வார்த்தைதான். சிரிக்காமச் சொல்லணும். அக்கா மீன்குழம்பு வச்சிருப்பா, சாப்பிட்டுட்டு அடுத்த பஸ்ல போயிரலாம். அந்தா தேவர்குளம் வந்துட்டு. எந்திரிங்க, பையை நான் தூக்கிக்கிடுதேன்.

கண்டக்டரே, விசில் அடிங்க! ரெண்டு பேரு எறக்கம்!